சேதாரம்

ஏற்காட்டுத் தோட்டத்தில் வேண்டாமென்று கொட்டிய காப்பித்தோல்.
மழைக்கு நனைந்தது, கொஞ்சம் பூசணம்.
மூட்டை இருபது ரூபாய், வண்டிக்கூலி தனி.

கழுவி, காயவைத்து, சலித்து
கண்ணாடிக் குழாயில் அடைத்தேன்.
மேலே ஊற்றியது
செவ்வாய்ப்பேட்டை சௌண்டப்பனின் முலாம்பட்டறைக் கழிவு,
கிளிப்பச்சை.
கீழே சொட்டியது
வெறும் டீத்தண்ணி.

நிக்கல் இன்னும் நூற்றில் ஒன்பது மிச்சம் என்றேன்.
"அட, எங்க கொலுசுக் கணக்குல
சேதாரமே அதுக்கு மேலம்மா."

பூட்டும்போது பார்க்கிறேன்,
மூலையில் அந்த ஈர மூட்டை.
திருமணிமுத்தாற்றுக்குப் போயிருக்க வேண்டியதை
மடியில் வாங்கிக் கனக்கிறது.
எருக்குழிக்கு ஆகாது. அடுப்புக்கு ஆகாது.
மலையேற்றித் திருப்பவும் வழியில்லை.

அமிலத்தில் அலசினால் விட்டுவிடும்.
அந்த அமிலத்தை எங்கே ஊற்றுவதென்று
ஆய்வேட்டில் ஒரு வரி இல்லை.
எழுதியது நான்தான்.