மூன்றாவது கால்

பிரிட்ஜ் கதவைத் தொட்டால்
விரல் நுனியில் எறும்பு ஊறும்.
சில நாள் எறும்பு, சில நாள் கெளுத்தி முள்.
ஐப்பசி ஈரத்தில் திருக்கை வால்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்பார் ராயப்பன்,
வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடக்கிறவர்.
நான் நண்டு கழுவிய காலோடு
சிமெண்டுத் தரையில் நிற்கிறவள்.
ரத்தம் கம்மி என்று
சத்து மாத்திரை வாங்கித் தந்தார்.

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் பஸ்ஸில் வந்தான்
சீனி இபுராகிம்.
டெஸ்டரைக் கதவில் வைத்தான்.
பல்லி முட்டை அளவு வெளிச்சம்.
அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிளக்கை உருவினால் மூன்றாவது கால் இல்லை.
இரண்டு ஓட்டைப் பெட்டியில் நுழையட்டுமென்று
போன வருசம் குறட்டால் நறுக்கியது யாரென்று
நான் கேட்கவில்லை.
அவர் கடல் பக்கம் பார்த்தார்.

கொல்லையில் தோண்டியபோது
எர்த் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது.
வெளியே உப்புக்காற்று தின்ற மிச்சத்தை
உள்ளே உப்புமண் தின்றிருக்கிறது.

"கசியிற கரண்டு தரைக்குப் போக வழி தேடும் அக்கா.
கம்பி இல்லேன்னா
வெறுங்காலோட நிக்கிற ஆளுதான் வழி."
சொல்லிவிட்டுக் குழிக்குள் போட
கரியும் கல்லுப்பும் கேட்டான்.
மறுபடியும் உப்பா?
சிரித்தான். "தினம் ஒரு குடம் தண்ணியும் ஊத்தணும்."

லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
நண்டு கழுவியதை ஊற்றுகிறேன்,
குழி குடித்துக்கொள்கிறது.

எறும்பு போய் மூன்று வாரம்.
மாத்திரை அட்டை பிரிட்ஜ் மேல்தான் கிடக்கிறது.
கதவை நான் இன்னும்
புறங்கையால்தான் தொடுகிறேன்.