சென்டிமீட்டர் தண்ணீர்

மூக்கில் கிளிப் மாட்டும்போது
தேசிங்குக்கு இன்னும் சிரிப்பு வரும்.
துணி காயப்போடும் கிளிப் மாதிரிதான் இருக்கும்.
பிறகு அந்தக் குழாயை
என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே செருகுவார்.
விரல்கள் பிடிக்காது. மணிக்கட்டு மட்டும்
என் பேச்சைக் கேட்கும்.

முதல் நாள் நீலத் திருகை அரைச்சுற்று முடுக்கி
"ஒன்பது" என்றாள் பிலோமின்.
ஒன்பது என்ன?
"சென்டிமீட்டர் தண்ணி.
ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா
உங்க மூச்சு எவ்ளோ உயரம் தூக்குமோ, அது."

ஒன்பது சென்டிமீட்டர்.
ஒரு நல்ல நெத்திலி நீளம்.
நாற்பது பாகம் ஆழத்தில் வலை விட்ட மனுஷன்
பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

நான் துறைமுகத்தில் ஏலம் கூறியவள்.
கடலூர் முதுநகர், விடியற்காலை மூன்று மணி,
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேலே,
விசைப்படகு இன்ஜினுக்கு மேலே
ஆயிரத்து நூறு ஆயிரத்து நூறு ஆயிரத்து இருநூறு என்று
ஒரே மூச்சில் நாலு கூடை வஞ்சிரம் விற்பேன்.
அஞ்சலாட்சி வாய் திறந்தால்தான்
வியாபாரி பையில் கை விடுவான்.
மூச்சு என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

பச்சையாங்குப்பம் திருப்பத்தில் குட்டியானை கவிழ்ந்தது.
மீனெல்லாம் ரோட்டில். என் மேல் ஐஸ்.
குளிரவில்லையே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

விலாவும் வயிறும் அன்றிலிருந்து வேலைக்கு வருவதில்லை.
உதரவிதானம் ஒன்றுதான்,
முதலாளி ஓடிப்போன பட்டறையில் மிஞ்சிய ஒற்றை ஆளாய்
இழுத்துக்கொண்டிருக்கிறது.
படுத்தால் பரவாயில்லை. உட்கார வைத்தால்
வயிறு முன்னால் சரிந்து மூச்சு பாதியாகும்.
அதற்கு ஒரு பெல்ட்.
ஊரில் எல்லாருக்கும் நிமிர்ந்தால் மூச்சு.
எனக்குத் தலைகீழ்.

காலையில் முப்பது இழுப்பு, சாயங்காலம் முப்பது.
வேகமாக இழுக்கணும், மெதுவாக விடணும்.
சிப்காட் பக்கமிருந்து வாடை வந்த ஒரு நாள்
"இதையா இவ்ளோ கஷ்டப்பட்டு இழுக்கணும்?" என்றேன்.
பிலோமின் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.
"இன்னும் பதினொண்ணு பாக்கி."

ஒன்பது. பதினொன்று. பதிமூன்று.
பதிமூன்றிலேயே இரண்டு வாரம் நின்றது,
கேட்பாரில்லாத காரப்பொடி மாதிரி.
காய்ச்சல் வந்து மறுபடி பதினொன்று.
அதையும் நோட்டில் எழுதினார் தேசிங்கு.
படகுக் கணக்கு எழுதிய அதே நோட்டு.
டீசல், ஐஸ், ஆள் பங்கு,
பக்கத்தைத் திருப்பினால் நான்.

ஐப்பசியில் புயல் கூண்டு ஏற்றிய ராத்திரி
சளி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.
எப்போதும் அவர்தான் விலாவுக்குக் கீழே கை வைத்து
ஒண்ணு ரெண்டு சொல்லி அமுக்குவார், நான் இருமுவேன்.
எங்கள் வீட்டில் இருமல் இரண்டு ஆள் வேலை.
அன்றைக்கு அவர் படகை உப்பனாற்றில் கட்டப் போயிருந்தார்.
கரண்ட் இல்லை. மகன் டார்ச்சைத் தேடி
எதையோ தட்டிவிட்டான்.
இழுத்தேன். நிறுத்தினேன்.
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
உள்ளே எதுவோ நங்கூரம் மண்ணைப் பிடிப்பதுபோல் பிடித்தது.
இருமினேன்.
அசிங்கமான, கரகரத்த, முழு இருமல்.
"நீயாம்மா?" என்றான் இருட்டிலிருந்து.

இப்போது இருபத்தாறு.
பிலோமின் முப்பது கேட்கிறாள்.
பார்க்கலாம், ஏலம் இன்னும் படியவில்லை.

நேற்று தெருவில் கூடைக்காரி
மத்தி கிலோ நூற்றைம்பது என்று
என் நாத்தனாரிடம் அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.
நாத்தனாருக்கு விலை பேச வராது.
கட்டிலிலிருந்து சொன்னேன்:
"நூறுக்கு மேல ஒத்தப் பைசா கெடையாது."
வார்த்தை நடையைத் தாண்டி
வாசலைத் தாண்டிப் போனது.

கூடையை இறக்கி வைத்தாள் அவள்.
"யாரது உள்ள?"