பதினோராம் எண் கூண்டு

மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
ஜன்னலைத் திறந்தால் மீன் வாடையும் ஐஸ் ஃபேக்டரி இரைச்சலும்,
மூடினால் வியர்வை.
இரண்டுக்கும் நடுவே முப்பத்தொரு பேர்.

வருகைப் பதிவேட்டில் எனக்கு இரண்டே குறிகள்:
வந்தார், வரவில்லை.
வந்தும் வராதவர்களுக்கு
யாரும் கட்டம் போட்டு வைக்கவில்லை.

போன ஐப்பசியில் மழை லீவு முடிந்த திங்கட்கிழமை
"உள்ளேன் டீச்சர்" வேண்டாம்,
ஆளுக்கொரு கூண்டு நம்பர் சொல்லுங்கள் என்றேன்.
காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.
துறைமுகத்தில் எத்தனாம் எண் ஏறினால்
வீட்டில் எத்தனை நாள் உலை தாமதமாகும்
என்பதுவரை கணக்குத் தெரியும்.

ஆஃப்ரின்: ஒண்ணு.
மோகித்: மூணு டீச்சர், ராத்திரி சண்டை.
யுவஸ்ரீ: கூண்டே ஏத்தல, நேத்து என் பொறந்தநாள்.
தேசப்பன் தினமும் பத்து.
அவன் அகராதியில் பத்து என்றால் பென்சில் தொலைந்தது.

பயிற்சிக்கும் போய் வந்திருக்கிறேன், இரண்டு நாள், சமோசாவுடன்.
சிரிக்கும் முகம், அழும் முகம் அச்சிட்ட அட்டை தந்தார்கள்.
ஆலோசகர் மாதம் ஒருமுறை வருவார்.
சத்துணவு அரிசி மூட்டைகளுக்கிடையே நாற்காலி போட்டு
பொறுமையாகக் கேட்பார். நல்லவர்.
அவருக்கு இன்னும் பத்துப் பள்ளிகள் இருக்கின்றன.
அந்த அட்டையில் எந்த முகத்தையும்
ரோஸ்லின் தொடவில்லை.

ரோஸ்லின்.
பேர் கூப்பிட்டால் பெஞ்சைப் பார்ப்பாள்.
ரப்பரைக் கிள்ளிக் கிள்ளி உருட்டி
நண்டு மணலை அடுக்குவதுபோல் அடுக்குவாள்.
வீட்டில் என்ன என்று விசாரித்ததில்
வாய்க்கு ஒரு கதை வந்தது.
எதையும் இங்கே எழுதப்போவதில்லை.
சத்தமில்லை என்றால் பூஜ்யம்,
அப்படித்தான் டிக் போட்டேன், பதினேழு நாள்.
'அமைதியான மாணவி' என்று
மதிப்பெண் அட்டையில் எழுதியதும் நான்தான்.

பதினெட்டாம் நாள் தேசப்பன் எழுந்தான்.
"டீச்சர், அவ பூஜ்யம் இல்ல. பதினொண்ணு."
பதினொன்று இருக்கிறதா? எனக்குப் பத்துவரைதான் தெரியும்.
"எங்க நைனா சொல்ச்சு. பதினொண்ணுன்னா
ஒயர் அறுந்துபோச்சு.
பொயல் எங்க கீதுன்னு ஆபீசுக்கே தெரியாது."
அப்புறம் என்னடா பண்ணுவாங்க?
"இன்னா பண்ணுவாங்க,
யார்னா போய்தான் பாக்கணும்."

ஏழாம் வாய்ப்பாடு கரும்பலகையில் பாதியில் நின்றது.
முழங்கால் இடிக்கும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்கத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.
வெளியே லாரி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டே இருந்தது.
ரொம்ப நேரம் கழித்து
ரப்பரில் ஒரு துண்டு என் பக்கம் நகர்ந்து வந்தது.
நானும் கிள்ள ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று.
ஆய்வுக்கு வந்தவர், ஏழாம் வாய்ப்பாட்டில் வகுப்பு பலவீனம் என்று
சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார்.
உண்மைதான், பலவீனம்தான்.

அடுத்த வியாழக்கிழமை
பேர் கூப்பிட்டேன். பழக்கத்தில் பேனா
அடுத்த பெயருக்கு இறங்கிவிட்டது.

"ஒம்போது."

இத்தனை கரகரப்பான குரலா இவளுக்கு.
ஒன்பது என்றால் பெரும் அபாயம்.
வகுப்பே கைதட்டியது.

நான் தட்டவில்லை. மதியமே ஆலோசகருக்குப் போன் போட்டு
மாசம் முடியட்டும் என்று இருக்க முடியாதும்மா,
நாளைக்கே வாங்க என்றேன்.

திரும்பி வந்து பார்த்தால்
தேசப்பன் தன் பை வாரையும் அவள் பை வாரையும்
சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தான்,
கூண்டு ஏறிய இரவில் படகோடு படகைப் பிணைக்கும் அதே முடிச்சு.
நாலு மணிக்கு பெல் அடித்தும்
அதை அவிழ்க்க முடியவில்லை.
ஆளாளுக்குப் பல்லால் இழுத்துப் பார்த்தார்கள்.
ரோஸ்லினும் இழுத்தாள்.