கடைசி முறை

உப்சாலாவில் ஆறு மாடிக் கட்டடம்.
நிலவறையில் மூன்று சலவை இயந்திரங்கள், ஓர் உலர்த்தி,
சுவரில் ஒரு பலகை. வீட்டுக்கொரு சிறு பூட்டு.
வேண்டிய மணிக்கு நேரே மாட்டினால்
அந்த மூன்று மணி நேரம் நம்முடையது.
பூட்டினால் சண்டை வந்ததில்லை.
உலர்த்தியின் வடிகட்டியால்தான்.
அதில் படிந்த பஞ்சை வழித்தெடுக்க இருபது நொடி.
வழிக்காமல் போனால்
அடுத்தவருக்கு ஈரக் காலுறை.

இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்.
என் பிழைப்பே இதுதான்.
பல்கலைக்கழகக் கணினியில் நூற்றுக்கு நூறு கட்டம்,
பத்தாயிரம் பேர்.
பெயரில்லை, துணியில்லை, பசி மட்டும் ஓர் எண்ணாக.
கொடுப்பவர் நீலம். வாங்கிக்கொண்டு நழுவுபவர் சிவப்பு.
ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும்
பக்கத்தில் கொழுத்தவன் யாரென்று பார்த்து
அவன் வழியைப் பிடித்துக்கொள்வார்கள்.
இந்த விதிக்கு நான் பெரிதாகக் கற்பனை செய்யவில்லை.

யாரும் யாரையும் சந்திக்கலாம் என்று திறந்துவிட்டேன்.
நாற்பதாவது தலைமுறையில் திரை முழுக்கச் சிவப்பு.
சிவப்பும் பட்டினி. ஏய்க்க ஆளில்லை.

பிறகு அவரவர் இடத்தில் ஆணியடித்தேன்.
எட்டுத் திசைக்கும் எட்டு அண்டை,
கடைசிவரை அதே முகங்கள்.
மூலையில் ஒன்பது நீலம், பாசித் திட்டுபோல.
நடுவில் இருந்தவனைச் சிவப்பு தொடவே முடியவில்லை.
காலையில் வந்தபோது பாதித் திரை நீலம்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.
யாரும் நல்லவராகிவிடவில்லை.
நகர முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நினைவு கொடுத்தேன்:
கொடுத்தால் கொடு, ஏய்த்தால் ஏய்.
கூடவே நூற்றில் ஒரு முறை கைநடுக்கம்.
அந்த ஒரு நடுக்கம் போதுமாயிருந்தது
இரண்டு யோக்கியர்கள் மாறி மாறிப் பழிதீர்த்தே
ஆயிரம் சுற்றைக் கழிக்க.

நவம்பரில் நானும் யால்மரும் அப்படித்தான்.
மூன்றாம் மாடி, பேருந்து ஓட்டுநர்.
அவர் முறைக்குப் பின் வடிகட்டியில்
கம்பளி போலச் சாம்பல் நிறப் பஞ்சு.
என் பஞ்சை அவருக்கு விட்டுவைத்தேன்.
பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்.
நானும் ஒட்டினேன், மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
படியில் எதிர்ப்பட்டால் இருவரும் செல்பேசிக்குள் குனிவோம்.

இரண்டாம் மாடி லெம்லெம் சொல்லித்தான் தெரியும்:
முதல் நாள் பஞ்சு அவருடையதே இல்லை.
பழுது பார்க்க வந்தவன் ஓட்டிப் பார்த்துவிட்டு
மறந்து போனது.
"சிலநாள் நானே வழித்துவிடுவேன், யாருடையதென்று பார்க்காமல்."
"எப்போதுமா?"
"ஐயோ, இல்லை. கோபம் வராத நாளில்.
மூன்றுக்கு ஒன்று இருக்கும்."

மறுநாள் மூன்றுக்கு ஒன்று என்றே எழுதினேன்,
மன்னிப்பு என்ற இடத்தில்.
திரை மெல்ல நீலமானது.
பேராசையில் மூன்றுக்கு மூன்றும் எழுதிப் பார்த்தேன்.
சிவப்பு திரும்பி வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்று முப்பத்தொன்றாம் தேதி.
நான்கு மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்.
வேலை இனி வேறு ஊரில்.
என் பத்தாயிரம் பேருக்கும்
எந்தச் சுற்று கடைசி என்று நான் சொன்னதே இல்லை.
தெரிந்தால் கடைசியில் ஏய்ப்பார்கள்,
அது தெரிந்து அதற்கு முந்தியதிலும்,
ஸ்வெட்டரில் ஒரு நூலை இழுத்ததுபோல
முதல் சுற்றுவரை அவிழ்ந்துவிடும்.
எனக்கோ தெரியும்.
இனி இந்தப் படியில் யால்மர் எதிர்ப்பட மாட்டார்.
எனக்கு அடுத்து மாட்டியிருப்பது அவர் பூட்டு.
கணக்குப்படி பார்த்தால்

பார்ப்பதற்குள் பஞ்சு கைக்கு வந்துவிட்டது,
வெதுவெதுப்பாக.
அதில் ஒரு மஞ்சள் இழை.
என்னிடம் மஞ்சளில் எதுவுமே கிடையாது.