எட்டாவது ஆள்

டோல்முஷ் என்றால் நிறைந்தது என்று அர்த்தமாம்.
நிறையும்வரை கிளம்பாது.
கதிக்கோய் படகுத்துறைக்கு வெளியே மஞ்சள் வேன்
ஏழு பேரை ஏற்றிக்கொண்டு
இன்னும் ஒருவருக்காக உறுமிக்கொண்டிருந்தது.
ஏறினேன்.
யாரும் நன்றி சொல்லவில்லை. கதவு மட்டும்
எல்லோருக்குமாகச் சேர்த்துச் சாத்திக்கொண்டது.

டிக்கெட் கிடையாது, நடத்துனர் கிடையாது.
பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைத் தொட்டது.
திரும்பினால், நீட்டிய நூறு லிரா.
எனக்கு எதற்கு என்று விழித்தேன்.
ஓட்டுநர் "நுர்தென் அக்கா" என்று கூப்பிட்டவள்
முகவாயால் முன்னே காட்டினாள்.
முன்னிருக்கைக்காரர் காதில் பென்சில்,
சட்டையில் மீன் வாசம்.
அவர் தோளை நான் தொட்டேன்,
அவர் ஓட்டுநரின் தோளை.
ஒரு கையால் வளைவையும்
மறு கையால் மீதியையும் சமாளித்தார் வேதாத்.

சில்லறை வந்த வழியே திரும்பியது,
மூன்று உள்ளங்கைச் சூட்டோடு.
நுர்தென் எண்ணவில்லை. அப்படியே பையில் போட்டாள்.
என் மீதி வந்தபோது
நான் எண்ணினேன்.
பணப்பையை நெஞ்சோடு வைத்துக்கொள் என்று
விடுதிச் சுவரில் ஆறு மொழியில் எழுதியிருந்தது.

கைப்பேசியில் என் நீலப் புள்ளி
மர்மரா கடலுக்குள் போய்விட்டது.
கரையிலிருந்து நூறு மீட்டர் உள்ளே,
செருப்போடு.

இறங்க ஒரு வாக்கியம் உண்டு.
"இனெஜெக் வார்."
இறங்க ஆள் இருக்கிறது.
நிறுத்துங்கள் என்றில்லை, நான் என்றுகூட இல்லை,
ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.
குளியலறையில் பதினோரு முறை சொல்லிப் பழகியது.
கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பும் முனை வந்தது.
வாக்கியம் தொண்டைக்கு வந்தது.
அதற்குள் தோளில் மறுபடி விரல்:
இருநூறு லிரா, இரண்டு பேருக்கு.
கடத்திவிட்டு நிமிர்ந்தேன்.
என் முனை பின்கண்ணாடியில் சிறுத்துக்கொண்டிருந்தது.

பிறகு சொல்ல வெட்கம். பிறகு
சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற கோபம்.
பல் மருத்துவமனை, மெத்தைக் கடை,
பள்ளி விட்டு வரும் நீலச் சீருடைகள்.
எந்த அஞ்சலட்டையிலும் இல்லாத தெருக்கள்.

பொஸ்தான்ஜியில் எல்லாரும் எழுந்தார்கள்.
வண்டி நின்று, கதவு திறந்து,
மீன்காரர் ஒரு காலை வெளியே வைத்தும் விட்டார்.
அப்போதுதான் வாயிலிருந்து வெடித்தது,
பதினோரு முறையின் மொத்தச் சத்தத்தோடு:
"இனெஜெக் வார்!"

ஒரு நொடி அமைதி.
நுர்தென் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
வேதாத் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து
"வார், வார்" என்றார்.
இருக்கிறது, இருக்கிறது.

எதிர்ச்சாரியில் திரும்பும் வண்டி காலியாக நின்றது.
நடு இருக்கையில் உட்கார்ந்தேன், கை எட்டும் இடமாக.
இன்னும் ஏழு பேர் வரவேண்டும்.