மூணரைக்கு என்ன பண்ணீங்க

ஸ்டான்லியில் ஒரு கறுப்புப் பெட்டியை
இடுப்பில் மாட்டி அனுப்பினார்கள்.
இடது கையில் பட்டை.
அரை மணிக்கு ஒருதரம் தானாக ஊதும்.
ஊதும்போது கையை ஆட்டக் கூடாது, பேசக் கூடாது,
அந்நேரம் என்ன செய்தேனென்று
நோட்டில் எழுத வேண்டும்.
"ராத்திரி தூங்கும்போது எழுத வேணாம்."
"எனக்கு ராத்திரி டூட்டி, சிஸ்டர்."
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அப்ப அதையும் எழுதுங்க."

கொருக்குப்பேட்டை கேட்டில்
எண்கள் எனக்குப் புதிதல்ல.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு எண் தருவார்,
பதிலுக்கு நான் ஒன்று.
முப்பத்தெட்டு. எழுபத்தொன்று.
இரண்டும் ரிஜிஸ்டரில் ஏறிய பிறகுதான்
வண்டிக்கு வழி.
இப்போது என் ரத்தமும் அந்தப் பெட்டியும்
எனக்குக் காட்டாத எண்களில்
பேசிக்கொள்கின்றன.

பத்தரை: கேட் சாத்தினேன்.
பிடியைச் சுற்றும்போதே ஊத ஆரம்பித்தது.
கையை ஆட்டாமல் கேட் எப்படி இறங்கும்?
பதினொன்று: திட்டு வாங்கினேன்.
பைக்கில் ஒருவன்,
"இன்னாம்மா, தூங்கினுகிறியா? தொற."
பன்னிரண்டரை: காற்று திரும்பி
மணலி வாடை வந்தது.
ஒன்றரை: ஒன்றும் செய்யவில்லை. பயந்தேன்.
எதற்கென்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

காலை ஏழுக்கு
லாசர் எழுந்துபோன பாயில் நான் படுப்பேன்.
தலையணையில் அவன் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
ஒருவர் சூட்டில் ஒருவர் தூங்கியதுதான் அதிகம்.
எட்டுக்குத் தண்ணி லாரி, குடச் சண்டை.
ஒன்பதுக்கு மேலே தகரம் காயத் தொடங்கும்.
கண்ணை மூடினால்
உள்ளேயும் வெள்ளையாகவே இருக்கிறது.
உடம்புக்குள் உட்கார்ந்து ஒருத்தன்
விடிந்தது எழுந்திரு, விடிந்தது எழுந்திரு என்கிறான்.
ரோஸ்டர் மாறியதை
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
பையன் பென்சில் கேட்டதற்குப் போய்க் கத்தினேன்.
அவன் தூங்கும் நேரத்தில்
தலையைத் தடவிக் கொடுக்க நான் வீட்டில் இருப்பதில்லை.

மறுநாள் சின்ன வயசு டாக்டர்
காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.
"எல்லாருக்கும் ராத்திரி இறங்கும்மா.
உங்களுக்கு இறங்கவே இல்ல."
கோடு நேராகப் போனது,
தண்டவாளம்தான்.
பிறகு பேனா ஓரிடத்தில் நின்றது.
"இங்க மட்டும் சடார்னு இறங்கியிருக்கு. நூத்தி ஆறு.
மூணரைக்கு என்ன பண்ணீங்க?
நோட்டுல ஒண்ணும் காணோமே."

மூணரைக்கு
நிலக்கரி வண்டி கேட்டின் குறுக்கே நின்றுவிட்டிருந்தது.
இந்தப் பக்கம் பூட்டு, அந்தப் பக்கம் பூட்டு,
இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான்
ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
சுவர் ஜில்லென்று இருந்தது, தலையைச் சாய்த்தேன்.
அவ்வளவுதான் தெரியும்.
பட்டை ஊதியதுகூடத் தெரியாது.
வேகனுக்கு வேகன் கப்ளிங் இழுபட்ட சத்தத்தில்
துள்ளி எழுந்தேன்.

சஸ்பென்ஷனுக்கு அது போதும்.
கேட்டில் யார் கண்ணிலும் படாத குற்றத்தை
என் கையே எழுதிக் கொடுத்திருக்கிறது,
நிமிஷம் பிசகாமல்.

"ஜெபம் பண்ணினேன், டாக்டர்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.
"பாத்தீங்களா! அத விட்டுடாதீங்க.
தினமும் பண்ணுங்க."
மாத்திரைச் சீட்டின் அடியில் எழுதியும் கொடுத்தாள்.

இன்று பத்துக்கு டூட்டி ஏறினேன்.
சீட்டு பர்ஸில், டிபன் ஆணியில்.
போன் அடித்தது.
மாஸ்டர் ஐம்பத்தாறு என்றார்.
நூத்தி ஆறு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.
"யூஜின்மேரி? லைன்ல இருக்கியாமா?"
"இருக்கேன் சார். எழுதிக்குங்க.
நாப்பத்தி மூணு."