பதினேழு

பிரட்டுக்களத்தில் எனக்கொரு நம்பர் உண்டு.
இருநூற்று நாற்பத்தொன்று.
கங்காணி அதைச் செக்ரோலில் குறித்தால் முழுப்பேர்,
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

நுவரெலியா கிளினிக்கில் கிடைத்தது இரண்டாவது நம்பர்.
பதினேழு.
பேர் சொல்ல வேண்டாம் என்றார் மிஸ்ஸி,
சிங்களம் கலந்த தமிழில், கதவைச் சாத்திவிட்டு.
பேர் இல்லாமல் இருப்பது
அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தது.

வயிற்றில் பதினாலு கிழமை.
எல்லாருக்கும் எடுக்கிற இரத்தம்தான் எனக்கும் எடுத்தார்கள்.
எல்லாருக்கும் வருகிற பதில் எனக்கு வரவில்லை.
"ஒருக்கா டவுனுக்குப் போய்க் காட்டுங்க" என்று
மிட்வைஃப் லயத்து வாசலில் நின்று சொன்னபோது
சீனி கூடியிருக்கும் என்று நினைத்தேன்.
பக்கத்துக் காம்பரா சந்திரமதியிடமும் அப்படியே சொன்னேன்.
இன்றைக்கும் அவள் எனக்கு
வெறுந்தேத்தண்ணிதான் தருகிறாள்.

சிபிலிஸ்.
பழைய ஆட்கள் மேகநோய் என்பார்களாம்.
மேகத்தை எனக்குத் தெரியும்.
எங்கள் மலையில் அது கதவு தட்டாது,
அடுப்படி வரைக்கும் வந்து
காயப்போட்ட துணியில் உட்கார்ந்திருக்கும்.
இதுவும் அப்படித்தான் வந்திருக்கிறது.
புண் இல்லை. வலி இல்லை. ஈரம் மட்டும்
உள்ளே எங்கேயோ.

இடுப்பின் இரண்டு பக்கமும் ஊசி.
கெட்டி மருந்து, மெல்லத்தான் இறங்கும் என்றார்.
இப்போதே வந்தது நல்லது, பிள்ளைக்குப் போகாது என்றார்.
ராகலை பஸ்ஸில் இடம் இருந்தும்
கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன்.
பையில் ஒரு அட்டை. அதில் நோயின் பேர் இல்லை,
தேதி, கிளினிக் நேரம், என் நம்பர்.
"உங்க மாத்தயாவுக்குக் குடுங்க."
கல்யாணம் கட்டி ஏழு வருசத்தில்
நான் அவனுக்குக் கொடுத்த முதல் கடிதம்.

பன்னீர் புறக்கோட்டையில் மூட்டை ஏற்றுகிறான்.
போயாவுக்குப் போயா வருவான்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"யார்கிட்ட வாங்கின?"
சத்தம் போட முடியாது.
லயத்துச் சுவர் கூரையைத் தொடாது,
ஒருவன் இருமினால் ஆறு வீடு கேட்கும்.
மெதுவாகச் சொன்னேன்:
"நான் போற தூரம் ஒனக்குத் தெரியும்.
மேமலை, பணியமலை, டிஸ்பென்சரி.
நீ போன தூரத்த நீயே எண்ணிக்க."
எண்ணினான் போல. தரையில் விடியும்வரை
பாய் புரண்ட சத்தம்.

காலையில் அவனாகவே சேட்டைப் போட்டான்.
பஸ்ஸில் அவன் முன்னால், நான் பின்னால்.
அவனுக்கு விழுந்தது இருபத்திரண்டு.
இடையில் நாலு பேர். எந்தத் தோட்டமோ, யார் வீட்டுப் பிள்ளைகளோ.
திரும்பும்போது அவனும் நின்றுகொண்டே வந்தான்.
சிரிப்பு வந்தது. கொடுக்கவில்லை.

மிஸ்ஸி தந்த உறைகளை எங்கே வைப்பது?
மூத்தவள் எது கிடைத்தாலும் ஊதுவாள்.
முதலில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்,
இரண்டு பெண்சாதிக்காரர், கோபிக்க மாட்டார்.
ஆனால் விளக்குச் சூடு ஆகாதாம்.
இப்போது டிரங்குப் பெட்டியில், கூறைச் சேலை மடிப்பில்.

மிஸ்ஸி சொன்ன நாள் கழிந்த பிறகும்
அதைக் கிழிக்கிற சத்தம்தான் பெரிய சங்கடம்.
தகரத்தில் மழை விழும்வரை காத்திருப்போம்.
இங்கே மழைக்குப் பஞ்சமில்லை.
இருட்டில் அவன் பல்லால் கிழிக்கப் போனான்.
வாங்கி நானே பிரித்தேன்.
நகம் படாமல் எடுக்க
கொழுந்து கிள்ளும் விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஐப்பசியில் பிறந்தாள் சின்னவள்.
அவள் இரத்தத்தையும் பார்த்தார்கள்.
பயமில்லை என்று சொன்னபோது
மிஸ்ஸியின் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று அவன் கொழும்புக்குத் திரும்பினான்.
பையில் ரொட்டி, கட்டச்சம்பல்,
அடியில் நாலு உறை.
பார்த்துவிட்டான். எதற்கு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
மன்னிப்பென்றா, சந்தேகமென்றா, எதைச் சொல்ல?
"ரொட்டிய இன்னைக்கே தின்னுரு" என்றேன்.
"வெச்சிருந்தா ஊசிப்போயிரும்."